கப்பலை வைத்துத் திட்டம் போடுங்கள்: ஹெல்சின்கியிலிருந்து தாலினுக்கு ஒரு சின்னச் சுற்று

ஐரோப்பா போகலாம் என்று வீட்டில் பேச்சு எழுந்ததும் முதலில் கண்ணில் படுவது பத்து நாளில் ஏழு நாடு என்று போட்டிருக்கும் பேக்கேஜ்தான். விடிவதற்கு முன் பெட்டியைக் கட்டி பஸ்ஸில் ஏறுவது, ராத்திரி வேறொரு ஊர் ஹோட்டலில் இறங்குவது, மறுநாள் மறுபடி பெட்டி. முதல் தடவை போகிறவர்களுக்கு நான் சொல்வது வேறு. இரண்டே தலைநகரங்களை எடுங்கள், ஐந்து ராத்திரி, நடுவில் ஒரே ஒரு பயணம், போதும். அந்த நடுப் பயணம் என்றைக்கு, எத்தனை மணிக்கு, எதில் என்று முதலில் முடிவு செய்துவிட்டு, தங்கும் இடம், விமானம், விசா எல்லாவற்றையும் அதற்கு முன்னும் பின்னும் அடுக்குங்கள். நிறையப் பேர் மலிவான விமான டிக்கெட்டில் தொடங்கி, கடைசியில் ஒரு நகரத்திலிருந்து இன்னொரு நகரத்துக்குப் போவதை மிச்சமிருக்கும் நேரத்தில் திணிக்கிறார்கள். அதில் ஒரு முழுப் பகல் போய்விடும். ஐந்து நாள் பயணத்தில் ஒரு பகல் என்பது சின்ன இழப்பு இல்லை.

எந்த இரண்டு ஊர்? வரைபடத்தில் பக்கத்தில் இருப்பதை நம்பி முடிவு செய்யாதீர்கள். மாட்ரிட்டும் லிஸ்பனும் பக்கத்து நாட்டுத் தலைநகரங்கள்தான், ஆனால் நேரடி ரயில் கிடையாது, ரயிலிலேயே போக நினைத்தால் மாறி மாறி ஏறி ஒரு நாளே ஆகிவிடும். லண்டனிலிருந்து பாரிஸுக்குக் கடலடிச் சுரங்க ரயிலில் இரண்டே கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட, ஆனால் இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு பிரிட்டன் விசா தனி, ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போகவிடும் ஷெங்கன் விசா தனி, இரண்டு செலவு, இரண்டு காத்திருப்பு. வியன்னாவும் பிராட்டிஸ்லாவாவும் ரயிலில் ஒரு மணி நேரம், வியன்னாவும் புடாபெஸ்டும் இரண்டே முக்கால் மணி நேரத்துக்குள். இவை நல்ல ஜோடிகள். ஆனால் ராமநாதபுரம் கரைக்காரர்களுக்கு ஒரு ஜோடி சொல்லுங்கள் என்றால் நான் தயங்காமல் பின்லாந்தின் ஹெல்சின்கி, எஸ்தோனியாவின் தாலின் என்று சொல்வேன். நடுவில் கடல் இருக்கிறது, அதுதான் காரணம்.

ரயிலில் வந்து கப்பல் ஏறி அடுத்த நாட்டில் இறங்குவது நம் கரைக்குப் புதிதே இல்லை. 1914இல் பாம்பன் ரயில் பாலம் திறந்த பிறகு சென்னையில் ரயில் ஏறியவர்கள் தனுஷ்கோடியில் இறங்கி, கப்பலில் தலைமன்னார் போய், அங்கே மறுபடி ரயில் பிடித்துக் கொழும்பு போனார்கள். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடித் துறையைக் கொண்டுபோனது. அப்புறம் ராமேஸ்வரத்திலிருந்து ஓடிய கப்பலும் 1980களில் நின்றது. சென்னையிலிருந்து ராமேஸ்வரம் வரும் ரயிலுக்கு இன்றும் போட் மெயில் என்ற பெயர் இருக்கிறது, போட்தான் இல்லை. வீட்டில் பெரியவர்கள் அந்தக் கப்பலைப் பற்றிச் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, இரண்டு தலைநகரங்களுக்கு நடுவே அப்படியொரு கப்பல் இன்றும் பஸ் மாதிரி நாளுக்குப் பல தடவை ஓடுவதைப் பார்ப்பதே தனி அனுபவம். தூரம் சுமார் 80 கி.மீ., நேரம் இரண்டு முதல் இரண்டரை மணி. இரண்டு நாடுகளும் ஷெங்கனுக்குள் இருப்பதால் ஒரே விசா, இரண்டிலும் யூரோ, கடிகாரம்கூட ஒன்றே.

முதலில் மாதம்

கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். விசைப்படகு வைத்திருப்பவர்களுக்கும் அந்தத் தொழிலை ஒட்டி ஐஸ், வலை, ஏற்றுமதி என்று இருப்பவர்களுக்கும் குடும்பத்தோடு வெளியே போக வருஷத்தில் கிடைக்கும் நேரம் அதுதான். முதல் பாதியில் படகைக் கரையேற்றி மராமத்து பார்த்துவிடுவார்கள் என்பதால் மே கடைசி வாரமும் ஜூன் முதல் வாரமும் தோதாக வரும். அதுவே இந்த இரண்டு ஊரும் இருக்கும் பால்டிக் கடல் கரைக்கும் மிக நல்ல நேரம். வெயில் காலம் தொடங்கியிருக்கும், ஆனால் சுற்றுலாக் கூட்டம் உச்சத்துக்கு வந்திருக்காது. வெப்பம் பகலில் பெரும்பாலும் 15 முதல் 20 டிகிரி. பள்ளிக்கூடம் திறக்கும் தேதியை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு பெரிய லாபம் வெளிச்சம். ஜூனில் ஹெல்சின்கியில் பகல் பத்தொன்பது மணி நேரத்துக்குக் கிட்ட வரும், ராத்திரி பத்தரை மணிக்கும் சூரியன் முழுசாக விழுந்திருக்காது. ஐந்து நாள் பயணத்தில் ஏழு நாள் பயணத்துக்கான பகல் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். டிசம்பரில் போனால் அதே ஊரில் பகல் ஆறு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு, காலை ஒன்பதரைக்கு விடிந்து மூன்றேகாலுக்கு இருட்டிவிடும். பனி பார்க்க வேண்டும் என்ற ஆசை இருந்தால் சரி, ஊர் பார்க்க வேண்டும் என்றால் குளிர்காலம் வேண்டாம்.

ஜூன் 20க்கு அப்புறம் வரும் நாட்களில் கவனம் தேவை. பின்லாந்தில் ஜுஹானுஸ் என்னும் கோடைநடுப் பண்டிகை 20க்கும் 26க்கும் இடையில் வரும் சனிக்கிழமை, எஸ்தோனியாவில் 23, 24 விடுமுறை. ஹெல்சின்கிக்காரர்கள் ஊரைக் காலி செய்துவிட்டு ஏரிக்கரை வீடுகளுக்குப் போய்விடுவார்கள், கடைகள் பூட்டியிருக்கும். கீழக்கரை, ஏர்வாடி, தொண்டிப் பக்கம் இருந்து போகிறவர்களுக்கு இன்னொன்று: அந்த மாதங்களில் மக்ரிப், இஷா தொழுகை நேரங்கள் ரொம்பத் தாமதமாக வரும், இஷாவுக்கும் விடியற்காலை பஜ்ருக்கும் இடையே நேரமே இருக்காது. உள்ளூர்ப் பள்ளிவாசல்கள் இதற்கென்று நேர அட்டவணை போடுகின்றன, புறப்படும் முன்பே அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் கப்பல்

இந்த வழியில் டாலிங்க், வைக்கிங் லைன், எக்கெரோ லைன் என்று மூன்று கம்பெனிகள். பெரும்பாலோர் கட்டணத்தை மட்டும் பார்த்து வாங்குகிறார்கள். நீங்கள் துறையையும் பாருங்கள். டாலிங்க் கப்பல்கள் ஹெல்சின்கியின் மேற்குத் துறைமுகத்திலிருந்து கிளம்பி நேராகத் திறந்த கடலுக்குப் போய்விடும். வேகமானவை, பெரியவை. 2017இல் ஓடத் தொடங்கிய மெகாஸ்டார் 212 மீட்டர் நீளம், 2,800 பயணிகள் ஏறலாம். வைக்கிங் எக்ஸ்பிஆர்எஸ் என்ற கப்பல் ஊரின் நடுவே இருக்கும் கதயனோக்கா துறையிலிருந்து கிளம்புகிறது, அரைமணி நேரம் கூடுதலாகும், ஆனால் வெளியேறும் வழியில் சுவோமென்லின்னா கோட்டைத் தீவை ஒட்டி ஒரு குறுகலான வாயைத் தாண்டித்தான் போக வேண்டும். குஸ்தான்மியெக்கா என்று பெயர், அகலம் சுமார் 80 மீட்டர். நான் இந்தக் கப்பலைத்தான் எடுக்கச் சொல்வேன்.

வெள்ளி, சனி வேண்டாம். எஸ்தோனியாவில் மதுபானம் விலை குறைவு என்பதால் வார இறுதியில் பின்லாந்துக்காரர்கள் தள்ளுவண்டியோடு போய் வருவார்கள், கப்பலில் உட்கார இடம் தேட வேண்டியிருக்கும். செவ்வாய், புதன், வியாழனில் காலை பத்து, பதினொன்று மணி வாக்கில் கிளம்புவதாகப் பாருங்கள். மதியம் தாலினில் இறங்கிவிடலாம், அங்கே அன்றைக்கே அரைப் பகலுக்கு மேல் கையில் இருக்கும். விடியற்காலைக் கப்பலும் ராத்திரிக் கப்பலும் விலை குறைவாக இருக்கும், ஆனால் விடியற்காலை என்றால் ஹோட்டல் காலை உணவு போய்விடும், ராத்திரி என்றால் தாலின் கரை நெருங்கி வரும் காட்சி போய்விடும். அதை இழக்கக் கூடாது, கீழே சொல்கிறேன்.

ஒரு முக்கியமான விஷயம். கப்பல் நாளை இப்போது முடிவு செய்யுங்கள், பணம் கட்டுவது விசா கைக்கு வந்த பிறகு. அதுவரை காகிதத்தில் எழுதி வைத்தால் போதும், விசா விண்ணப்பத்தோடு கொடுக்கும் பயணத் திட்டத்திலும் அந்தத் தேதியே இருக்கட்டும்.

விசா

கப்பல் நாள் தெரிந்தால் விசாவை எந்த நாட்டிடம் கேட்பது என்பதும் தெரிந்துவிடும். எங்கே அதிக ராத்திரி தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம் கேட்க வேண்டும், இரண்டும் சமம் என்றால் முதலில் நுழையும் நாடு. ஹெல்சின்கியில் மூன்று ராத்திரி, தாலினில் இரண்டு என்று வைத்தால் பின்லாந்து. கணக்கு குழப்பமில்லாமல் இருக்கும் என்பதற்காகவே நான் மூன்று, இரண்டு என்று பிரிக்கச் சொல்கிறேன்.

கட்டணம் 2024 ஜூனிலிருந்து பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 வயது முதல் 11 வரை 45, அதற்குக் கீழ் இல்லை. விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. பயண நாளுக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், குறைந்தது பதினைந்து நாள் முன்பாவது கொடுத்திருக்க வேண்டும். ஆனால் ஏப்ரல், மேயில் நேர ஒதுக்கீடு கிடைப்பதே பாடு. ஜூன் முதல் வாரப் பயணம் என்றால் பிப்ரவரி, மார்ச்சிலேயே வேலையைத் தொடங்குங்கள். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு, ஷெங்கன் முழுமைக்கும் செல்லுபடியாவதாக இருக்க வேண்டும். பாஸ்போர்ட் கடந்த பத்து வருஷத்துக்குள் வழங்கப்பட்டதாகவும், திரும்பும் நாளிலிருந்து மேலும் மூன்று மாதம் செல்லுபடியாவதாகவும், இரண்டு பக்கமாவது காலியாகவும் இருக்க வேண்டும்.

நம் பக்கத்தில் சிக்கல் வருவது வருமானச் சான்றில். மாதச் சம்பளக்காரருக்குச் சம்பளச் சீட்டு இருக்கிறது. படகு உரிமையாளர், கருவாட்டு வியாபாரி, கடை வைத்திருப்பவர் என்றால் வருமான வரிக் கணக்கு, வங்கிக் கணக்கின் ஆறு மாத விவரம், படகுப் பதிவோ ஜிஎஸ்டி பதிவோ ஏதாவது ஒன்று, இவற்றோடு ஒரு கடிதம். அந்தக் கடிதத்தில் தொழில் என்ன, தடைக்காலம் என்றால் என்ன, ஜூன் 15க்குள் ஏன் திரும்பி வந்தே ஆக வேண்டும் என்று நாலு வரி தெளிவாக எழுதுங்கள். ஊர் திரும்புவதற்கு இதைவிட வலுவான காரணம் யாரிடம் இருக்கிறது? விண்ணப்பம் கொடுப்பதற்கு முந்தைய வாரம் திடீரென்று பெரிய தொகையைக் கணக்கில் போடாதீர்கள், அதைத்தான் முதலில் சந்தேகிப்பார்கள். மகனோ மகளோ வளைகுடாவிலிருந்து செலவு செய்கிறார் என்றால் அவருடைய கடிதமும் சம்பள விவரமும் வேண்டும். அவரும் கூட வருகிறார் என்றால் பொதுவாக அவர் தான் வசிக்கும் நாட்டிலிருந்துதான் விண்ணப்பிக்க வேண்டும்.

விமானம்

ஹெல்சின்கியில் இறங்கி தாலினிலிருந்து ஏறுவது போல் ஒரே டிக்கெட்டாகத் தேடுங்கள். விமானத் தளங்களில் பல நகரங்கள் என்று ஒரு தேர்வு இருக்கும், அதில் போடலாம். போய்வர ஹெல்சின்கி என்று எடுத்தால் கடைசியில் மறுபடி கப்பல் ஏறித் திரும்ப வேண்டும், அது அரை நாள். விலை வித்தியாசம் ரொம்ப அதிகமாக இருந்தால் மட்டும் அப்படிச் செய்யுங்கள், அப்போதும் திரும்பும் கப்பலை விமானத்துக்கு முந்தைய நாள் மாலையில் வையுங்கள்.

ராமநாதபுரத்திலிருந்து மதுரை விமான நிலையம் சாலையில் இரண்டு, இரண்டரை மணி நேரம். சென்னை என்றால் ராத்திரி ரயில். மதுரையில் தொடங்கும் டிக்கெட் சில ஆயிரம் கூடுதலாக இருந்தாலும், வயதானவர்கள் கூட வந்தால் நான் அதையே எடுப்பேன். எதுவானாலும் முழு வழிக்கும் ஒரே டிக்கெட்டாக இருக்கட்டும். சென்னை வரை ஒன்று, அங்கிருந்து ஒன்று என்று தனித்தனியாக வாங்கினால் முதல் விமானம் தாமதமானதற்கு இரண்டாவது கம்பெனி பொறுப்பேற்காது. பிராங்பர்ட் போன்ற ஊர் வழியாகப் போனால் குடிநுழைவுச் சோதனை அங்கேயே நடக்கும். வெளிநாட்டுப் பயணிகளின் முகத்தைப் படம் பிடித்து நுழைவு, வெளியேற்றம் இரண்டையும் கணினியில் பதியும் முறை 2025 அக்டோபரில் தொடங்கியிருக்கிறது, வரிசை நீளும். அங்கே மாறுவதற்கு மூன்று மணி நேரமாவது விடுங்கள்.

ஹெல்சின்கியில்

விமான நிலையத்தின் கீழேயே ரயில் நிலையம், ஊர் நடுவுக்கு அரைமணி நேரம். ஊர்ப் போக்குவரத்து ஏ, பி, சி, டி என்று வட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. விமான நிலையம் சி வட்டம், அதனால் அன்றைக்கு ஏபிசி டிக்கெட். அடுத்த நாட்களுக்கு ஏபி நாள் டிக்கெட் போதும். டிராம், பஸ், மெட்ரோ மட்டுமல்ல, சுவோமென்லின்னா போகும் படகும் அதிலேயே அடக்கம். அந்தப் படகுக்குத் தனியாகப் பணம் கட்டாதீர்கள்.

தங்கும் இடம் மத்திய ரயில் நிலையத்துக்கும் துறைமுகச் சந்தைக்கும் நடுவே எங்காவது. முதல் நாள் மாலை எதுவும் திட்டம் வேண்டாம். இரண்டாம் நாள் கௌப்பாதோரி என்னும் துறைமுகச் சந்தையில் தொடங்குங்கள். கடலோரம், ஆரஞ்சு நிறக் கூடாரங்கள், பெரிய வட்டச் சட்டிகள். முயிக்கு என்ற சின்ன நன்னீர் மீனைக் கம்பு போன்ற ஒரு தானியமான ரை மாவில் புரட்டி, முழுசாகப் பொரித்துக் காகிதத் தட்டில் குவித்துத் தருவார்கள். தலை கிள்ளியிருக்கும், முள்ளோடு அப்படியே கடித்துத் தின்னலாம், மேலே கொஞ்சம் எலுமிச்சை, பக்கத்தில் பூண்டு போட்ட வெள்ளைச் சாறு. மிளகாய் இருக்காது. தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு கடலோரம் நடக்காதீர்கள், அங்கே கடற்காகங்கள் பின்னாலிருந்து வந்து கையிலிருப்பதைத் தூக்கிவிடும். கூடாரத்துக்குள்ளேயே உட்கார்ந்து தின்றுவிட்டு எழுந்திருங்கள்.

அக்டோபரில் இதே இடத்தில் ஹெர்ரிங் மீன் சந்தை நடக்கும், 1743இலிருந்து நடக்கிறது. தீவுகளிலிருந்து மீனவர்கள் படகைக் கொண்டுவந்து கரையில் கட்டி, படகிலிருந்தபடியே உப்பு மீன் விற்பார்கள். ஜூனில் அது கிடைக்காது என்பதுதான் எனக்கு இந்த மாதத்தில் ஒரே குறை.

அங்கிருந்து நடந்தே செனட் சதுக்கமும் 1852இல் கட்டி முடித்த வெள்ளைப் பேராலயமும், துறைக்கு மேலே சிவப்புச் செங்கல்லில் உஸ்பென்ஸ்கி ஆலயமும் பார்த்துவிடலாம். பாறையைக் குடைந்து 1969இல் கட்டிய தெம்பெலியௌக்கியோ தேவாலயத்துக்குக் கட்டணம் உண்டு, கொடுக்கலாம். ஓடி என்ற பெயருள்ள நூலகத்துக்குக் கட்டணமே இல்லை, 2018இல் திறந்தது, மூன்றாவது மாடியில் யார் வேண்டுமானாலும் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்காரலாம். குழந்தைகள் களைத்துவிட்டால் அங்கே கூட்டிப் போங்கள்.

மூன்றாம் நாள் முழுவதும் சுவோமென்லின்னாவுக்கு. சந்தைத் துறையிலிருந்து படகில் கால் மணி நேரம். 1748இல் ஸ்வீடன்காரர்கள் ரஷ்யாவுக்கு எதிராகக் கட்டத் தொடங்கிய கோட்டை, 1808இல் அதே ரஷ்யாவிடம் சரணடைந்தது, 1991இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. தீவுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. படகுத் தொழில் தெரிந்தவர்கள் நடுவில் இருக்கும் உலர்துறையை விட்டுவிடாதீர்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் பாறையை வெட்டி அமைத்தது, இன்றும் அதில் பழைய மரப் பாய்மரக் கப்பல்களை இறக்கி, தண்ணீரை வடித்து, பலகை மாற்றிக் கொண்டிருக்கிறார்கள். மேலே வேலியோரம் நின்றால் கீழே அடிமரம், விலாக்கட்டை, பலகை இடுக்கில் பஞ்சு அடைத்த வரி எல்லாம் கண்ணுக்கு நேராகத் தெரியும். எனக்குத் தெரிந்த மரப்படகு ஆசாரிகள் யாரையாவது அங்கே கொண்டுபோய் நிறுத்த வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது.

அப்புறம் தீவின் தெற்கு முனைக்கு, ராஜா வாசல் என்ற கல் வாசலுக்கு நடங்கள். மாலையில் ஸ்டாக்ஹோம் போகும் பெரிய கப்பல்கள் நான் சொன்ன அந்தக் குறுகலான வாயில் நுழைந்து வெளியேறும். பாம்பனில் தூக்குப் பாலம் திறக்கும்போது ரோட்டுப் பாலத்தில் வண்டியை நிறுத்திவிட்டுப் பார்ப்போமே, அது மாதிரி அங்கேயும் ஜனங்கள் பாறையில் உட்கார்ந்து காத்திருப்பார்கள். பத்து மாடி உயரக் கப்பல் புல்வெளிக்குப் பின்னாலிருந்து நகர்ந்து வரும். மேல்தளத்தில் நிற்பவர் கையசைத்தால் முகம் தெரியும், அவ்வளவு பக்கம். மறுநாள் காலை அதே வாயில் நீங்கள் கப்பலில் இருப்பீர்கள்.

கடலைத் தாண்டும் நாள்

புறப்படும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பு துறையில் இருங்கள், அரைமணி முன்பே வாசலை மூடிவிடுவார்கள். இரண்டும் ஷெங்கன் நாடுகள் என்பதால் வழக்கமான குடிநுழைவு வரிசை இல்லை, ஆனால் பாஸ்போர்ட் கையிலேயே இருக்கட்டும், கம்பெனியும் கேட்கும், இறங்குமிடத்தில் போலீஸும் சில சமயம் பார்ப்பார்கள். பெட்டியை நீங்களேதான் தூக்கிச் செல்ல வேண்டும். கப்பல் கிளம்பியதும் உள்ளே சாப்பாட்டுக்கூடம் தேடிப் போகாமல் முதல் அரைமணி நேரம் மேல்தளத்தில், வெளியே, பின்பக்கமாக நில்லுங்கள். ஜூனிலும் காற்று வாடைக்காற்றைவிடக் குளிராக இருக்கும், காது மூடும் தொப்பி அவசியம்.

கடல் நம் கடல் இல்லை, உடனே தெரிந்துவிடும். உப்பு நாற்றமே இருக்காது. பின்லாந்து வளைகுடாவில் ஆறுகள் கொட்டும் தண்ணீர் அதிகம், பால்டிக்குக்குப் பெருங்கடலோடு இருக்கும் வாயும் குறுகல், அதனால் இந்தத் தண்ணீரின் உப்பு நம் கடலின் உப்பில் ஆறில் ஒரு பங்கு அளவுதான். ஆற்று மீனும் கடல் மீனும் ஒரே வலையில் படும். ஏற்றவற்றமும் கண்ணுக்குத் தெரிகிற அளவு கிடையாது. கடும் குளிர் வருஷங்களில் இதே தண்ணீர் உறைந்துவிடும், கப்பல்கள் பனிக்கட்டியை உடைத்துக்கொண்டு ஓடும்.

கைப்பேசியை ஃப்ளைட் மோடுக்கு மாற்றிவிடுங்கள். நடுக்கடலில் கரை டவர் அறுந்ததும் கப்பலின் செயற்கைக்கோள் நெட்வொர்க்கில் தானாக ஒட்டிக்கொள்ளும், அது எந்த ரோமிங் திட்டத்திலும் அடங்காது, பில் ஆயிரக்கணக்கில் வரும். கப்பலில் வைஃபை இருக்கிறது, அது போதும்.

கடைசி அரைமணி நேரத்துக்கு முன்பக்கம் போய்விடுங்கள். முதலில் ஒரு ஊசி மட்டும் தெரியும். அது ஒலாவ் தேவாலயக் கோபுரம், கிட்டத்தட்ட 124 மீட்டர், பல நூற்றாண்டாக மாலுமிகள் கரை காணப் பார்த்து வந்த அடையாளம். அப்புறம் மேட்டின் மேல் கறுத்த கும்மட்டங்கள், அதற்குக் கீழே சிவப்பு ஓடு, மதில், கோபுரங்கள் என்று ஒவ்வொன்றாக எழுந்து வரும். ஒரு பழைய துறைமுக ஊரை அதன் கடல் பக்கமிருந்து பார்ப்பதற்காகத்தான் காலைக் கப்பல் என்று சொன்னேன். விமானத்தில் போனால் இது கிடையாது.

தாலின்

துறையிலிருந்து பழைய ஊருக்கு நடையில் கால் மணி நேரம். பருத்த மார்கரெட் என்ற வட்டக் கோபுரத்தின் பக்கத்து வாசலில் நுழையும் வழியில், வெளியே புல் மேட்டில், நடுவில் அறுந்து நிற்கும் இரும்பு வளைவு ஒன்று இருக்கிறது. 1994 செப்டம்பர் 28 அன்று தாலினிலிருந்து ஸ்டாக்ஹோம் போன எஸ்தோனியா என்ற கப்பல் புயலில் முன்கதவு உடைந்து மூழ்கியதில் 852 பேர் இறந்தார்கள், அவர்களுக்கான நினைவிடம். எல்லோரும் கோபுரத்தைப் படம் எடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். 1964 புயலில் ரயிலோடு போனவர்களை இன்றும் பேசுகிற கரையிலிருந்து வருகிறவர்கள் அங்கே ஐந்து நிமிஷம் நிற்பார்கள் என்று நம்புகிறேன்.

பழைய ஊர் 1997இலிருந்து யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது, வேண்டுமென்றால் ஒரே பகலில் நடந்து முடித்துவிடலாம், ஆனால் இரண்டாகப் பிரியுங்கள். வந்த நாள் மாலை கீழ் ஊர்: 1404இல் கட்டி முடித்த நகர மண்டபம், அதன் சதுக்கத்திலேயே 1422க்கு முன்பிருந்து ஓடும் மருந்துக்கடை. அது இன்றும் மருந்து விற்கிறது, தலைவலி மாத்திரை கேட்டு வாங்கலாம். ஒலாவ் கோபுரத்தில் ஏற இருநூறுக்கு மேல் படிகள், குறுகலான கல் படி, கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஏற வேண்டும், முழங்கால் வலி இருப்பவர்கள் வேண்டாம். மறுநாள் காலை எட்டு மணிக்குள் மேல் ஊரான தூம்பேயா மேட்டுக்குப் போய்விடுங்கள். பத்து மணிக்கு மேல் சொகுசுக் கப்பல் கூட்டம் வந்து பார்வை மேடையில் நிற்க இடம் இருக்காது. 1900இல் கட்டிய அலெக்ஸாண்டர் நெவ்ஸ்கி ஆலயமும் அங்கேதான்.

மதியத்துக்கு மேல் கடல்விமானத் துறை என்னும் கடல்சார் அருங்காட்சியகம். பழைய கடல்விமானக் கொட்டகை, 2012இல் அருங்காட்சியகமாகத் திறந்தது. 1936இல் இங்கிலாந்தில் கட்டிய லெம்பித் நீர்மூழ்கிக் கப்பலுக்குள் இறங்கிப் பார்க்கலாம். தாலினில் ஒரே ஒரு இடத்துக்குத்தான் காசு கொடுப்பேன் என்றால் இதற்குக் கொடுங்கள்.

ஊர் முழுக்க உருளைக்கல் பாவிய தெரு. சக்கரப் பெட்டியை இழுத்தால் சக்கரம் கழன்றுவிடும், முதுகுப்பை மேல். செருப்பு வேண்டாம், அடி தடித்த ஷூ.

சாப்பாடும் மூட்டையும்

ஹெல்சின்கியில் நேபாள உணவகங்கள் நிறைய, மதியம் பருப்பும் சோறும் கிடைக்கும். ஹலால் தேடுகிறவர்களுக்கு கெபாப் கடைகள் உண்டு, கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். இல்லையென்றால் மீனே வழி: ஹெல்சின்கியில் பாலும் உருளைக்கிழங்கும் போட்ட சால்மன் சூப், தாலினில் கறுப்பு ரொட்டியின் மேல் மசாலாவில் ஊறிய கிலு என்ற சின்ன மீனும் முட்டையும். குழாய்த் தண்ணீர் இரண்டு ஊரிலும் தாராளமாகக் குடிக்கலாம், பாட்டில் வாங்கிக் காசைக் கரைக்காதீர்கள்.

ஊரிலிருந்து கொண்டுபோவதில் விதி கண்டிப்பு. இறைச்சியும் பால் பொருட்களும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோகக் கூடாது, பால்கோவாவும் ஆட்டிறைச்சி ஊறுகாயும் இதில் வரும். பச்சைக் கறிவேப்பிலையும் வேண்டாம். மீனுக்கு மட்டும் சலுகை, சொந்த உபயோகத்துக்கு ஆளுக்கு 20 கிலோ வரை அனுமதி. கருவாட்டுத் தொக்கு, மாசிப்பொடி இருந்தால் பாட்டிலில் இறுக மூடிப் பெரிய பெட்டியில் வையுங்கள். ஆனால் ஹோட்டல் அறையில் கருவாடு சுடக் கூடாது, புகை அலாரம் அடித்தால் அபராதம் உங்கள் தலையில்.

திரும்பும் நாள்

தாலின் விமான நிலையம் ஊரிலிருந்து நாலு கி.மீ.தான். காலை விமானமாக இருந்தாலும் பயப்பட வேண்டாம், இரண்டு மணி நேரம் முன்பு போனால் தாராளம். பிராங்பர்ட் போன்ற ஷெங்கன் ஊரில் விமானம் மாறினால், ஷெங்கனை விட்டு வெளியேறும் முத்திரையோ பதிவோ அங்கேதான் நடக்கும், அங்கேயும் நேரம் விடுங்கள். நம் நேரம் ஜூனில் இரண்டரை மணி முன்னால், அதனால் ஊர் வந்து சேரும் நாள் மறுநாளாகிவிடும். சென்னையில் இறங்கும் விமானம் நண்பகலுக்கு முன் வருவதாக இருந்தால் அன்று மாலை கிளம்பும் ராமேஸ்வரம் ரயிலுக்கு முன்பதிவு செய்யுங்கள், பிற்பகல் விமானம் என்றால் அன்றைய ரயிலை நம்ப வேண்டாம், மறுநாளைக்கு எடுங்கள். ராமேஸ்வரம் ரயில்களில் ஜூனில் இடம் சீக்கிரம் நிரம்பிவிடும், முன்பதிவு திறந்த அன்றே போட்டுவிட வேண்டும்.